ஏழாம் பங்கு

பள்ளத்தூர் வீட்டுக்குப் பதினோரு பங்கு.
பத்துக் கையெழுத்து வந்துவிட்டது:
ஈப்போவிலிருந்து ஒன்று, வேளச்சேரியிலிருந்து ஒன்று,
காகிதம் கிழியும் கோபத்தோடு ஒன்று,
அதிகாரப் பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு
தம்பிக்காக நான் போட்டது ஒன்று.
ஏழாம் பங்குக்கு ஆளில்லை.
மோல்மேனிலிருந்து கடைசிக் கடிதம்; அதற்குப் பிறகு
சாவுச் சேதிகூட இல்லை.
இரண்டாம் வளவில் அவர்கள் அறை,
அதில் ஒரு திண்டுக்கல் பூட்டு.

கணக்கெடுக்க வந்த செபஸ்தி
மின்பெட்டி முன்னால் நின்று தலையைச் சொறிந்தார்.
"வீடு பூட்டிக் கெடக்கு. ஆனா ரெண்டு மாசத்துக்கு மூணு யூனிட்.
நான் வந்த நாள்லேர்ந்து மூணுதான்.
நூறு வரைக்கும் இலவசம், பில்லு சைபர்.
அதனால யாரும் கேக்கல."

கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
அவர் போனபின் ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கித்
தரையில் வரிசையாக வைத்தேன்.
வீடு முழுக்க இருட்டு.
மீட்டரின் சிவப்பு விளக்கு மட்டும்
ஒன்பது நிமிடத்துக்கு ஒருமுறை சிமிட்டியது.

என் தொழிலிலும் பங்காளிகள் உண்டு.
எலெக்ட்ரானுக்கு ஒருவர், ஒளிக்கு ஒருவர்,
அதே சுமை, அதே குணம்,
சுழற்சியில் மட்டும் அரை வித்தியாசம்.
சமச்சீர் உடையாதிருந்தால்
எடையும் ஒன்றாக இருந்திருக்கும்.
உடைந்தது.
நம் வளவில் இல்லை; சுவருக்கு அந்தப் பக்கம்,
நம் விசைகள் எதுவும் போய்க் கதவு தட்ட முடியாத இடத்தில்.
சண்டை அங்கே. சேதி மட்டும்
தரகர்கள் வழியாக இங்கே வந்து சேர்ந்தது.
அன்றிலிருந்து நம் பங்காளிகள்
தூக்க முடியாத கனம். எவரும் நேரில் கண்டதில்லை.

இந்தக் கணக்கை எழுதி அனுப்பினேன்.
பெயர் தெரியாத நடுவர் ஒரே வரி கேட்டிருக்கிறார்:
தொடவே தொடாததை எப்படி இருப்பதாகச் சொல்வீர்கள்?

கொத்தனார் ஆண்டிச்சாமி நூல் பிடித்துப் பார்த்தார்.
"அந்த ரூம்புப் பக்கம் மட்டும் தளம் எறங்கியிருக்கு,
முக்கால் அங்குலம்.
உள்ள என்னமோ கனமா இருக்கு."
அவ்வளவுதான், நடுவரே.
பூட்டு தடுக்காதது பாரம் ஒன்றைத்தான்.
விண்மீன் கூட்டங்களின் ஐந்தொகையும் இப்படித்தான் இடிக்கிறது:
கண்ணில் படுவது ஒரு பங்கு,
கனப்பது ஆறு.

மலைகளுக்கடியில் டன் டன்னாகத்
திரவ செனானை நிரப்பிக் காத்திருக்கிறார்கள்.
வருடா வருடம் அறிக்கை வருகிறது.
இங்கே இல்லை. இங்கேயும் இல்லை.
என் நண்பர்கள் பாதிப் பேர் வங்கிக்குப் போய்விட்டார்கள்;
இந்த ஊருக்கு அது புதிதில்லை.

கோயில் காரியக்காரர் புள்ளிக் கணக்கோடு வந்தார்.
கல்யாணம் ஆனால் ஒரு புள்ளி,
துணை இறந்தால் அரைப்புள்ளி.
"உமையாளுக்கு?" என்று தானே கேட்டு
தானே அடுத்த பக்கம் புரட்டினார்.
நாற்பத்து மூன்று வயது, எந்த ஏட்டிலும் இல்லாத எடை,
எதிரே அமர்ந்து அவருக்குக் காப்பி ஆற்றிக் கொடுத்தது.

பூட்டை உடைக்கலாம் என்றது வேளச்சேரி.
கோர்ட்டு உத்தரவு வேண்டும் என்றது ஈப்போ.
வீடியோவில் பத்து முகம், பத்துச் சதுரம்,
ஒன்று உறைந்து போய் வாய் திறந்தபடி.
நான் பத்திரத்தின் ஏழாம் வரியைப்
பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசி இரவு, ரயிலுக்கு இன்னும் நேரமிருந்தது.
பெட்டிமேல் உட்கார்ந்து எண்ணினேன்.
ஒன்பது நிமிடம். ஒன்பது. ஒன்பது.
அப்புறம் எட்டு.

எழுந்துபோய்க் கதவில் காது வைக்கவில்லை.
நோட்டை எடுத்து நேரத்தைக் குறித்தேன், 10.42.
பக்கத்தில் பென்சிலால்:
என் கடிகாரப் பிழையாக இருக்கலாம்.

வாசலில் ஆட்டோ ஹாரன்.
இன்னும் ஒன்று பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன்.